எனக்குத் தண்ணி காட்டிய செடிகள்

என் வீட்டுச் செடிகள் முதன்முதலாகச் செழித்தது 2019 கோடையில். சென்னையில் இருந்தவர்கள் அந்தக் கோடையை மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு வெடித்துக் கிடந்தன. லாரித் தண்ணீருக்கு விடிவதற்கு முன்பே தெருமுனையில் குடங்கள் வரிசை கட்டின. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு வந்த முதல் ரயில், எங்கள் ஆவடி, அம்பத்தூர் தண்டவாளம் வழியாகத்தான் வில்லிவாக்கம் போனது. குடிதண்ணீர் ரயிலேறி வந்த அந்த நாட்களில் என் வீட்டு மல்லியும் செம்பருத்தியும் தளதளவென்று நின்றன. வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தது. ராத்திரியில் ரகசியமாக லாரி இறக்குகிறேன் என்றுகூடத் தெருவில் ஒரு பேச்சு ஓடியது.

நடந்தது நேர்மாறு. எங்கள் போர் அந்த ஏப்ரலிலேயே காற்றைத் துப்ப ஆரம்பித்துவிட்டது. செடிகளுக்குக் கிடைத்ததெல்லாம் அரிசி களைந்த தண்ணீர், காய்கறி அலசிய தண்ணீர், ஏசி குழாயிலிருந்து வாளியில் சொட்டியது, அவ்வளவுதான். அதுவும் எல்லாத் தொட்டிக்கும் ஒரே நாளில் போதாது. இன்றைக்கு இந்த வரிசைக்கு ஒரு மக், நாளைக்கு அந்த வரிசைக்கு ஒரு மக். வாடினால் வாடட்டும் என்று விட்டுவிட்டேன். அவை வாடவில்லை.

அதற்கு முந்தைய வருடங்களில் என் கையில் செத்த செடிகளின் பட்டியல் நீளமானது. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் நேரத்துக்குச் செய்து பழகிய உடம்பு. காலை ஆறு மணிக்கு ரப்பர் டியூபை எடுத்தால் வாசல் துளசியில் தொடங்கி மாடி ரோஜாவரை எல்லாத் தொட்டியும் நிரம்பி வழிந்தால்தான் கீழே வைப்பேன். மழை பெய்த மறுநாளும் ஊற்றியிருக்கிறேன். “ஏங்க, வானமே ஊத்திட்டுப் போயிருக்கு, நீங்க வேறயா?” என்று என் மனைவி கேட்டதுண்டு. துளசி கருத்தது. ரோஜா நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. இலை மஞ்சளானால் பசி என்று நினைத்து உரம் போட்டேன். தொங்கினால் தாகம் என்று நினைத்து இன்னொரு வாளி.

தொழிற்சாலையில் ஒரு உருப்படி திடீரென்று சரியாக வந்துவிட்டாலும் நாங்கள் சந்தோஷப்பட மாட்டோம்; ஏன் சரியாக வந்தது என்று கேட்போம். அந்தக் கோடையைப் பற்றியும் அப்படிக் கேட்டுப் பார்த்தேன். இரண்டு விஷயங்கள் ஒரே சமயத்தில் மாறியிருந்தன. ஒன்று, தண்ணீரின் அளவு. இன்னொன்று, அது எந்தத் தண்ணீர் என்பது. இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்ள எனக்கு அடுத்த மழைக்காலம்வரை ஆனது.

அளவைப் பற்றி முதலில் சொன்னது எங்கள் பின்தெருவில் இருக்கும் பூக்காரம்மா. ஸ்டேஷன் பக்கம் பூ விற்பவர். அவர் வீட்டு வாசலில் பெயின்ட் டப்பாவிலும் உடைந்த பக்கெட்டிலும் கனகாம்பரம் முதல் ஓமவல்லிவரை தழைத்துக் கிடக்கும். எங்கள் வாசலைத் தாண்டிப் போகும்போது ஒருநாள் நின்றார்.

“இன்னா சார், டெய்லி ஊத்திக்கினே கீறீங்க?”

“எத்தனை நாளைக்கு ஒருதரம் ஊத்தணும்மா?”

“நாளுக் கணக்கு இன்னாத்துக்கு சார்? அது இன்னா மாத்திரையா, வேளைக்கு ஒண்ணு போட? வெரல வுட்டுப் பாருங்க. ஈரம் ஒட்டுச்சின்னா கம்முனு போய்டுங்க.”

சொன்னதோடு நிற்காமல் குனிந்து என் கறிவேப்பிலைத் தொட்டிக்குள் ஆள்காட்டி விரலை இரண்டாவது கணுவரை இறக்கினார். வெளியே எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். சாக்கடை வாடை. மேலே மண் வெளுத்து உலர்ந்திருந்தது. உள்ளே குழம்பாகிக் கிடந்திருக்கிறது.

வேர் தண்ணீரை மட்டும் குடிப்பதில்லை, மூச்சும் விடுகிறது. மண் துகள்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் காற்று இருந்தால்தான் அது வேலை செய்யும். அந்தச் சந்துகளை நாள் முழுக்கத் தண்ணீரே அடைத்துக்கொண்டால் வேர் மூச்சுத் திணறிச் சாகிறது, பிறகு பூஞ்சை வந்து அழுக வைக்கிறது. அழுகிய வேரால் தண்ணீரை மேலே ஏற்ற முடியாது. அதனால் இலை தொங்குகிறது. தண்ணீர் இல்லாமல் தொங்கும் இலையும் தண்ணீர் மிஞ்சித் தொங்கும் இலையும் பார்வைக்கு ஒன்றுதான். புதிதாகச் செடி வைப்பவர் சறுக்குகிற இடம் இதுவே. விரலை விட்டுப் பார்ப்பதுதான் இதற்கு நம்பகமான பரிசோதனை. சின்னத் தொட்டியென்றால் தூக்கிப் பார்க்கலாம், கனம் சொல்லிவிடும். மத்தியான வெயிலில் தொங்குகிற செடிக்கு உடனே ஊற்றவும் வேண்டாம். மாலையில் தானாக நிமிர்ந்துவிட்டால் அதற்குத் தாகமில்லை, வெப்பம் தாங்காமல் சுணங்கியிருக்கிறது.

தென்னை நார்த்தூள் கலந்த பையில் இந்த ஏமாற்று இன்னும் அதிகம். தோட்டக்கலைத் துறை 2013-14-ல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய மாடித்தோட்டத் திட்டத்தில் பை, விதைகளோடு நார்த்தூள் கட்டிகளும் தந்தார்கள். அதிலிருந்து எல்லார் வீட்டு மாடிக்கும் நார்த்தூள் ஏறிவிட்டது. நல்ல பொருள்தான், மாடிக்குப் பாரமில்லை. ஆனால் மேல் அடுக்கு அரை நாளில் காய்ந்துவிடும். நாலு விரற்கடை கீழே பிழிந்தால் சொட்டும். மேலே பார்த்துவிட்டு ஊற்றுகிறவன் தோற்றுப்போவான். செம்மண், மக்கிய எரு, நார்த்தூள் மூன்றையும் சமமாகக் கலப்பதுதான் எனக்குக் கைகொடுத்தது. நார்த்தூளை முதலில் நன்றாக ஊறவைத்துப் பிழிந்து அலசிவிட வேண்டும், அதிலும் உப்பு உண்டு.

உப்பு என்றதும் இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். இது எங்கள் பக்கத்துக்கே உரிய சங்கதி.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்க வருபவர்கள், “போர் தண்ணில பருப்பு வேகுமா?” என்று ஒரு கேள்வி கேட்பார்கள். பல தெருக்களில் வேகாது. சோப்பு நுரைக்காது. குளியலறைக் குழாயில் வெள்ளைப் பொருக்கு கட்டும். வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. கருவி வந்தது இதனால்தான். அந்தக் கருவி கழித்துத் தள்ளும் தண்ணீர் வீணாகிறதே என்று ஒரு டியூபைப் போட்டு வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றிவந்தேன். சிக்கனம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டது வேறு. ஒருமுறை பழுது பார்க்க வந்த பையன் தன் மீட்டரை அந்த வாளியில் வைத்தான். குடிநீரில் கரைந்திருக்கும் உப்புக்கு இந்தியத் தரநிர்ணயம் சொல்வது லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். என் வாளி அந்த 2,000-ஐயும் தாண்டி நின்றது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நல்ல தண்ணீரை எனக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் உப்பைச் சேர்த்து அனுப்புவதுதான் அந்தக் கருவியின் வேலையே.

உப்பேறிய மண் வேரிடமிருந்தே தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மண் ஈரமாக இருக்கும்போதே செடி தாகத்தில் தவிக்கும். இலையின் நுனியும் ஓரமும் தீய்ந்து பழுப்பாகும். மண்தொட்டியின் வெளிப்பக்கம் திருநீறு பூசியதாக வெளுக்கும். அந்த வெள்ளையைப் பார்த்தால் தொட்டி பழசாகிவிட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இட்லிப்பூச் செடி கதையை இங்கே சொல்லியாக வேண்டும். காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு சிவப்பு இட்லிப்பூ வைத்திருந்தோம். அதன் புதுத் துளிர்களெல்லாம் வெளுத்த மஞ்சளில் வந்தன. நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தன. அடியிலுள்ள பழைய இலைகள் நன்றாகவே இருந்தன. யூரியா போட்டேன். இன்னும் மஞ்சள். இன்னொரு கைப்பிடி போட்டேன். ஓரமும் தீய்ந்தது. மஞ்சள் எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பொதுவாக, பழைய இலையிலிருந்து மஞ்சளேறினால் தழைச்சத்துக் குறைவு. புது இலை, நரம்பு மட்டும் பச்சையாக நிற்க வெளுத்தால், இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. மண்ணின் காரத்தன்மை ஏறிவிட்டால் வேரால் அதை எடுக்க முடியாது. எங்கள் சுவரோரம் தோண்டிப் பார்த்தால் அரை அடிக்குக் கீழே சிமென்டுக் கட்டி, சுண்ணாம்புக் காரை, உடைந்த டைல்ஸ். வீடு கட்டிய மேஸ்திரி மிச்சத்தையெல்லாம் போட்டு நிரவிவிட்டுப் போயிருக்கிறார். இந்தப் பக்கத்தில் பல வீட்டுத் தோட்டங்கள் இப்படிப்பட்ட மேட்டின்மேல்தான் இருக்கின்றன. அதன்மேல் சுண்ணாம்புச் சத்துள்ள போர் தண்ணீர். இட்லிப்பூவோ புளிப்பான மண்ணை விரும்புகிற செடி.

மருந்து நாட்டுமருந்துக் கடையிலேயே இருந்தது. அன்னபேதி. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து இலைமேல் தெளிக்க வேண்டும், பச்சை திரும்பும்வரை மாதம் ஒருமுறை. மல்லிக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு அது. தெளித்த துளிகள் வராந்தா டைல்ஸில் விழுந்து துருக்கறையாகிவிட்டன. இன்றுவரை போகவில்லை, வீட்டுக்கு யார் வந்தாலும் மனைவி அதைக் காட்டுகிறார். செடியைப் பெயர்த்துத் தொட்டிக்கு மாற்றி, மழைத் தண்ணீர் ஊற்றினேன். 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது எல்லாரையும்போல நாங்களும் குழாய் போட்டோம். அந்தக் குழாயில் ஒன்றைத் திருப்பி ஒரு பெரிய டிரம்மில் விட்டிருக்கிறேன். வாயைக் கொசுவலையால் கட்டிவிட வேண்டும், தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டிலும் தண்ணீர் தேங்கவிடக் கூடாது. டெங்குக் கொசு முட்டை ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். மாநகராட்சி ஆட்கள் வந்து பார்த்தால் அபராதமும் உண்டு.

போர் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லாதவர்கள், மழை கிடைக்கிற நாட்களில் தொட்டிகளை முற்றத்தில் வைத்து அடித் துவாரம் வழியாகத் தண்ணீர் நன்றாக ஓடும்வரை நனையவிடுங்கள். சேர்ந்த உப்பு கரைந்து போகும். அடித் துவாரமே இல்லாத அழகுத் தொட்டிகளை விற்கிறார்கள். அவற்றை வாங்காதீர்கள், அல்லது துளை போடச் சொல்லி வாங்குங்கள்.

எது வைப்பது என்ற கேள்வி வரும். திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலின் தலமரம் முல்லைக்கொடி. தொண்டைமான் மன்னனின் யானையே அந்தப் புதரில் கால் சிக்கி நின்றது என்கிறது தலபுராணம். பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகள் அங்கே நந்தவனம் வைத்து, பூப்பறித்துக் காஞ்சி வரதருக்குக் கொண்டுபோனார் என்பார்கள். முல்லைக்கும் மல்லிக்கும் இந்த வெயிலும் மண்ணும் ஒத்துவரும் என்பதற்கு இதற்குமேல் சாட்சி தேவையில்லை. நாமோ ஓசூர் ரோஜாவைத்தான் வாங்குவோம். ரோஜா வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. முதல் செடியாக வைத்துவிட்டு மனம் உடைய வேண்டாம் என்கிறேன். நந்தியாவட்டை, செம்பருத்தி, கறிவேப்பிலை, சங்குப்பூ, ஓமவல்லி, கற்றாழை இவையெல்லாம் நம் அசட்டுத்தனத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அரளியும் தாங்கும்; ஆனால் அது வேர்முதல் பூவரை விஷம், குழந்தைகள் உள்ள வீட்டில் யோசித்து வையுங்கள்.

சாலையோர நர்சரிகளில் நிற்கும் செடிகளில் நிறைய ஆந்திரத்தில் ராஜமுந்திரிக்குப் பக்கத்து கடியத்திலிருந்து லாரியில் வருகின்றன. பயணத்தில் உதிராமலிருக்க, பல செடிகளின் வேரைச் சுற்றிப் பிசுக்குக் களிமண்ணை உருண்டையாக இறுக்கியிருப்பார்கள். அப்படியே தொட்டியில் இறக்கினால், சுற்றியுள்ள மண் காய்ந்தாலும் உருண்டை காயாது. ஒருமுறை காய்ந்துவிட்டால் அதற்குள் தண்ணீரே இறங்காது. வாங்கி வந்த அன்றே மாற்றாதீர்கள். ஒரு வாரம் நிழலில் வைத்திருந்து, மாலை நேரத்தில் எடுத்து, உருண்டையின் ஓரங்களைத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உதிர்த்துவிட்டு வையுங்கள். ரோஜாவென்றால் ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும். ஒட்டுக்குக் கீழிருந்து வேகமாக ஒரு கிளை வரும். பூரித்துப்போய் வளர்ப்போம். அது பூக்காத காட்டு ரோஜா. அதை அடியோடு கிள்ளிவிட வேண்டும்.

வடக்குப் பார்த்த பால்கனிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வெயிலே படாது என்று நம்பி நிழல் செடிகளை வைத்திருப்பீர்கள். சென்னையில் ஏப்ரல் கடைசியில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்து, பிறகு வடக்கே ஒதுங்கிவிடும். ஆகஸ்ட் நடுவில்தான் திரும்பும். கத்திரி நாட்களில் நாலு மணி வெயில் வடக்கு பால்கனிக்குள் சாய்ந்து விழும். என் மகள் வீட்டு அக்லோனிமா ஒரே வாரத்தில் பொசுங்கியது அப்படித்தான். ஒரு பச்சை நிழல்வலை போதும், அல்லது தொட்டியை இரண்டடி உள்ளே நகர்த்தினாலே போதும்.

வீட்டுக்குள் வைக்கும் செடியை ஆக்சிஜன் செடி, காற்றைச் சுத்தம் செய்யும் செடி என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். நாசா 1989-ல் மூடிய பெட்டிக்குள் வைத்துச் செய்த ஆய்விலிருந்து கிளம்பியது அது. 2019-ல் அந்த வகை ஆய்வுகளையெல்லாம் திரட்டிக் கணக்குப் போட்டவர்கள், ஜன்னலைத் திறந்தால் கிடைக்கும் பலன் செடியால் கிடைக்க ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிகள்வரை வேண்டும் என்றார்கள். மணி பிளாண்டை அழகுக்காக வையுங்கள். ஜன்னலையும் திறந்து வையுங்கள்.

பூச்சியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. செம்பருத்தித் துளிரில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல மாவுப்பூச்சி வந்தபோது கடையில் இருந்ததிலேயே காட்டமான மருந்தை வாங்கி அடித்தேன். போனது. அடுத்த மாதம் இரண்டு மடங்காக வந்தது. இதே பூச்சியின் ஓர் இனம் 2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளியில் தென்பட்டு, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விடாமல் தமிழ்நாட்டை ஆட்டிவைத்தது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி அது. இங்கே அதற்கு அப்போது எதிரி இல்லை. மருந்துக்கு மடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து வயல்களில் விட்டார்கள். மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு வளர்ந்து அதையே தீர்த்துக்கட்டும் குளவி. சில மாதங்களிலேயே ஆட்டம் அடங்கியது. 2016-ல் பொள்ளாச்சியில் தென்னையைப் பிடித்த சுருள் வெள்ளை ஈக்கும் இப்படியொரு குட்டிக் குளவி எதிரியாக இருக்கிறது. நான் அடித்த காட்டமான மருந்து முதலில் கொல்வது இந்தக் குளவிகளைத்தான். மாவுப்பூச்சி தன் மெழுகுப் போர்வைக்குள் பத்திரமாக இருந்துவிடும்.

இப்போது முதல் வேலையாக இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். பூச்சி இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து உதிர்க்கிறேன். மிஞ்சினால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கலப்பதற்குச் சில சொட்டுச் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு. எறும்பு ஏறுகிற தண்டைக் கவனிப்பேன். மாவுப்பூச்சி விடும் இனிப்புக்காக அதைக் காவல் காப்பதே எறும்புதான். கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல ஒன்று ஒட்டியிருந்தால் தொட்டுப் பாருங்கள், நெளியும். வண்ணத்துப்பூச்சியின் புழு. ஒன்றிரண்டு என்றால் நான் விட்டுவிடுவேன்.

தண்ணீர் விஷயத்தில் மல்லிக்கு மட்டும் என் சட்டம் வேறு. நவம்பர் கடைசியிலிருந்து அதற்குத் தண்ணீரைக் குறைத்து, முழங்கால் உயரம் விட்டு வெட்டிவிட வேண்டும். அப்போதுதான் பங்குனி, சித்திரையில் புதுக்கிளை விட்டு மொட்டு வைக்கும். வருடாவருடம் கத்தரிக்கோலை எடுத்தவுடன் மனைவி வந்து நின்றுகொள்வார். “மார்கழி வர்ற நேரத்துல செடியைப் போய் மொட்டையடிக்கிறீங்களே” என்பார். போன வருடம் அவர் பேச்சைக் கேட்டுப் பாதிக் கொடியை விட்டுவைத்தேன். வெட்டிய பாதி பூத்தது. மற்றப் பாதி இலையாகவே படர்ந்து பக்கத்து வீட்டு மதில்மேல் ஏறிவிட்டது. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, இன்னும் பூக்கவில்லையா என்று மட்டும் கேட்கிறார்கள்.